கிளவுட் கிடங்கில் பட்டியல் எடுத்தல்

கட்டளை வரி என்பது, சுட்டியும் சாளரமும் இல்லாமல், தட்டச்சிட்ட கட்டளையைக் கணினி படித்து எழுத்தாகவே விடை தரும் இடைமுகம். அதில் பணிபுரிவோர் ஒரு நாளில் மிகுதியாகப் பயன்படுத்தும் கட்டளை எதுவென்று பார்த்தால், ஓரிடத்தில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று கேட்கும் ‘எல்எஸ்’ முன்வரிசையில் நிற்கும். 1971 நவம்பரில் வெளியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்புக் கையேட்டிலேயே இடம்பெற்றுவிட்ட இக்கட்டளை, அடைவு என்ற ஒன்றை நம்பி எழுதப்பட்டது. அடைவு என்பது கோப்புப் பெயர்களைத் தன்னுள் வைத்திருக்கும் இன்னொரு கோப்பு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் அதன் ஒவ்வொரு பதிவும் 16 பைட் நீளமுடையது, அவற்றுள் முதல் 2 பைட் கோப்பின் உள்ளெண்ணுக்கும் எஞ்சிய 14 பைட் பெயருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பட்டியல் எடுப்பது என்றால் அந்தச் சிறு கோப்பைத் திறந்து முழுவதும் படிப்பது, படித்ததை வரிசைப்படுத்தி அச்சிடுவது. வேலை அவ்வளவே என்பதால், அதற்கு நேரமோ பணமோ ஆகும் என்ற எண்ணம் யூனிக்ஸில் பழகியவர்களுக்கு எழுவதில்லை.

2006 மார்ச் 14 அன்று அமேசான் நிறுவனம் எஸ்3 என்ற இணையவழி (கிளவுட்) சேமிப்புச் சேவையைத் தொடங்கியது; பின்னர் அதற்கென வந்த கட்டளைக் கருவியும் ‘எல்எஸ்’ என்ற பழைய பெயரையே எடுத்துக்கொண்டது. பெயர் ஒன்றாயினும் அதன் கீழே இருக்கும் அமைப்பு முற்றிலும் வேறு. எஸ்3 போன்றவை ஆப்ஜெக்ட் சேமிப்பு எனப்படும் வகையைச் சேர்ந்தவை: பக்கெட் என்னும் பெரும் கொள்கலனுக்குள் ஒவ்வொரு கோப்பும் தன் முழுப்பெயருடன் தனித்து நிற்கிறது, அந்த முழுப்பெயர் 1024 பைட் வரை நீளலாம், அதில் எத்தனை சாய்கோடுகள் இருந்தாலும் அவை பெயரின் எழுத்துகளே ஒழிய அடைவுகளைக் குறிப்பவை அல்ல. பக்கெட்டுக்குள் கோடிக்கணக்கான பெயர்கள் இருந்தாலும் அவை எல்லாம் ஒரே தளத்தில், பைட் வரிசைப்படி அடுக்கிய ஒரே அகரமுதலியில் கிடக்கின்றன. இந்த அகரமுதலியில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வேண்டும் என்று கேட்பதுதான் பட்டியல் எடுத்தல் என்பதால், எடுப்பது எளிதாக இருக்குமா கடினமாக இருக்குமா என்பது, முதன்முதலில் கோப்புகளுக்குப் பெயர் வைத்தவர் பெயர் வைத்த அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இத்தொழிலில் இக்கட்டுரையாளர் கண்டறிந்தவற்றுள் மற்றவை எல்லாம் இதன் கிளைகளே.

கேட்கும் முறையில் இரண்டு கருவிச் சொற்கள் உண்டு. முன்னொட்டு என்பது, இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை மட்டும் தருக என்ற நிபந்தனை. பிரிகுறி என்பது, முன்னொட்டுக்குப் பிறகு குறிப்பிட்ட ஓர் எழுத்து, வழக்கமாகச் சாய்கோடு, முதன்முதலாக வரும் இடத்தோடு பெயரை வெட்டி, வெட்டிய பின் ஒன்றுபோல் இருப்பவற்றை ஒரே வரியாகச் சுருக்குக என்ற நிபந்தனை. அமேசான் கருவியின் ‘எல்எஸ்’ இவ்விரண்டையும் சேர்த்தே அனுப்புகிறது. சுருக்கிய வரிகளின் முன்னால் ‘பிஆர்இ’ என்ற மூன்றெழுத்தை இடுகிறது. திரையில் பார்ப்பவருக்கு அவை கோப்புறைகளாகத் தெரிகின்றன, ஆனால் அந்தக் கோப்புறைக்குப் படைத்த நாள் இல்லை, உரிமையாளர் இல்லை, உள்ளிருக்கும் கடைசிக் கோப்பை நீக்கினால் கோப்புறையும் சொல்லாமல் மறைந்துவிடும். இணைய முகப்பில் ‘கோப்புறை உருவாக்கு’ என்ற பொத்தானை அழுத்துவோருக்காக, சாய்கோட்டில் முடியும் பெயருடன் 0 பைட் அளவுள்ள ஒரு போலிக் கோப்பு எழுதப்படுகிறது. பின்னாளில் கோப்புகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும்போது ஒன்று கூடுதலாக வருவதற்குப் பல நேரங்களில் இந்தப் போலிக் கோப்பே காரணம். முன்னொட்டின் இறுதியில் சாய்கோடு இடுவதும் இடாததும் வேறுவேறு கேள்விகள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்: ‘2019’ என்று நிறுத்தினால் ‘2019’, ‘2019-பழையது’, ‘20190’ என அவ்வெழுத்துகளில் தொடங்கும் அனைத்தும் வரிசையில் வரும், ‘2019/’ என்று முடித்தால்தான் உள்ளே இருப்பவை வரும். பட்டியலில் இது பெரிய தீங்கில்லை. அதே பழக்கத்தில், முன்னொட்டு பொருந்தியவற்றை எல்லாம் அழிக்கும் நிரலை எழுதுவோருக்குத்தான் வேண்டாதவையும் சேர்ந்து போகும்.

பெயரிடுதல் பட்டியலை எவ்வாறு ஆள்கிறது என்பதற்கு, எவரும் கணக்கின்றியே பார்க்கத்தக்க ஒரு பக்கெட் நல்ல சான்று. அமெரிக்காவின் தேசியக் கடல்–வளிமண்டல நிர்வாகமான நோவா, தன் கோஸ்-16 வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த படங்களை எஸ்3இல் பொதுவில் வைத்துள்ளது. அதைப் பட்டியலிட ‘நோ-சைன்-ரிக்வெஸ்ட்’, அதாவது கையொப்பமின்றிக் கேள் என்ற தெரிவைச் சேர்த்தால் போதும், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. அங்கே ஒவ்வொரு முழுப்பெயரும் தரவுவகை, ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், மணி என்ற நான்கு படிகளாகச் சாய்கோட்டால் பிரிந்து, பின்னர் கோப்புக்குரிய நீண்ட பெயருடன் முடிகிறது. மாதமும் தேதியும் இல்லாமல் ஆண்டின் நாளை எண்ணுவது புதிதாகப் பார்ப்பவருக்கு எரிச்சலூட்டும், மார்ச் 1 என்றால் 60ஆ 61ஆ என்று நெட்டாண்டு பார்த்துக் கணக்கிட வேண்டியிருக்கும். என்றாலும் அந்த எண் எப்போதும் மூன்று இலக்கமாக, முதல் நாள் ‘001’ என்றே எழுதப்படுவதால், பைட் வரிசை தானாகவே கால வரிசையாக அமைந்துவிடுகிறது. சுழியிட்டு நிரப்பாமல் ‘1’, ‘2’, ‘10’ என்று எழுதியிருந்தால் பத்தாம் நாள் இரண்டாம் நாளுக்கு முன்னால் வந்து நிற்கும். யூனிக்ஸின் ‘எல்எஸ்’ பெயர்களை எல்லாம் படித்த பின் தானே வரிசைப்படுத்திக் காட்டுவதால் அங்கே நேரப்படி, அளவுப்படி என்று மாற்றிக் கேட்க முடிகிறது. எஸ்3 கருவியின் ‘எல்எஸ்’ஸில் அத்தகைய தெரிவு இல்லை, வரும் வரிசையே வரிசை.

அச்செயற்கைக்கோளில் உள்ள படமெடுக்கும் கருவி, 2025 வரை பணியில் இருந்தபோது, 16 அலைவரிசைகளில் பார்த்தது. புயல் போன்ற சிறு பகுதிகளை நெருக்கமாகக் கவனிக்க இரண்டு சிறு வட்டாரங்களை வழக்கமாக நிமிடத்துக்கொருமுறை படமெடுத்தது. ஒவ்வோர் அலைவரிசையும் தனிக் கோப்பு. ஆகவே குறைவின்றி நிறைந்த ஒரு மணிநேரத்துக்கு 60 நிமிடம், 2 வட்டாரம், 16 அலைவரிசை எனப் பெருக்கி 1920 கோப்புகள் சேர்கின்றன. இந்த எண் இங்கே முக்கியம், ஏனெனில் எஸ்3 ஒரு கோரிக்கைக்கு 1000 பெயருக்கு மேல் தருவதில்லை. ஆயிரத்தைத் தந்துவிட்டு, இன்னும் உண்டு என்ற குறிப்புடன் ஒரு டோக்கனைக் கையில் கொடுக்கிறது. அந்த டோக்கனைக் காட்டி அடுத்த கோரிக்கையை அனுப்பினால்தான் எஞ்சிய 920 வரும். கோப்பின் நீண்ட பெயரில் வட்டார எண் முதலிலும், அலைவரிசை எண் அடுத்தும், படமெடுத்த நேரம் அதற்கடுத்தும் வருவதால், முதல் பக்கத்தின் ஆயிரம் பெயர்களுள் முதல் வட்டாரத்தின் 960 கோப்புகளும் முழுமையாக இருக்கும், இரண்டாம் வட்டாரத்தின் முதல் அலைவரிசையில் 40 நிமிடத்துக்குரியவை இருக்கும், அதோடு பக்கம் முடியும். டோக்கனைக் கவனிக்காமல் எழுதிய நிரல் இந்த ஆயிரத்தை வாங்கிக்கொண்டு பிழையின்றி ஓடி முடியும். முதல் வட்டாரத்தை மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். இரண்டாம் வட்டாரத்தில் அகச்சிவப்புப் படம் ஏன் ஒருநாளும் வருவதில்லை என்று யாரேனும் கேட்கும்வரை குறை வெளிப்படாது.

அமேசானின் கட்டளைக் கருவி டோக்கனைத் தானே கையாண்டு அடுத்தடுத்த பக்கங்களைக் கேட்டு ஒட்டித் தருகிறது என்பதால் மனிதர் நேரடியாகக் கேட்கும்போது இத்தொல்லை இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆயினும் ஒட்டு தெரியும் இடங்கள் உண்டு. அக்கருவியில் ‘குவெரி’ என்ற தெரிவு இருக்கிறது. விடையிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்கவோ எண்ணிச் சொல்லவோ அது உதவுகிறது. மேற்சொன்ன மணிநேரத்தில் எத்தனை கோப்புகள் என்று அதன்வழி கேட்டு, விடையை ஜேசன் வடிவில் பெற்றால் 1920 என்ற ஒரே எண் வரும். அதே கேள்விக்கு விடையை வெற்றுரை வடிவில் கேட்டால் 1000 என்று ஒரு வரியும் 920 என்று மறுவரியும் வரும். வெற்றுரை வடிவில் கருவி முழு விடையையும் சேர்த்த பின் எண்ணாமல், ஒவ்வொரு பக்கமும் வந்தவுடன் அதனளவில் எண்ணிவிடுவதே இதன் காரணம். ஆவணத்தில் இச்செய்தி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஆவணத்தின் அப்பகுதியைப் படிக்க நேர்வோர் பெரும்பாலும் தவறான எண்ணைப் பார்த்துத் திகைத்த பிறகே படிக்கின்றனர். மேலும் ‘குவெரி’ கருவியின் பக்கம் நடக்கும் சல்லடை. சேவை எல்லாப் பெயர்களையும் அனுப்பிய பிறகே அது சலிக்கிறது, எனவே நேற்று வந்த மூன்று கோப்புகளைக் காட்டுக என்று கேட்டாலும் பக்கெட் முழுவதும் கம்பிவழி வந்து சேர்ந்த பின்னரே அந்த மூன்றும் திரைக்கு வரும். சேவையின் பக்கத்திலேயே சலிக்கக் கூடியவை முன்னொட்டும், இந்தப் பெயருக்குப் பின்வருபவை என்று கேட்கும் ‘ஸ்டார்ட்-ஆஃப்டர்’ தெரிவும் மட்டுமே. இரண்டும் பெயரை நம்பியவை.

மற்ற சேவைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மைக்ரோசாஃப்டின் அஷூர் ஒரு பக்கத்துக்கு 5000 பெயர் தருகிறது, அதன் கட்டளைக் கருவி தானாக அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை, 5000இல் நின்றுகொண்டு தொடர்ச்சிக்குரிய குறியை எச்சரிக்கையாக மட்டும் காட்டுகிறது. விடையைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு எச்சரிக்கையைத் தூக்கியெறிவது வழக்கமாகிவிட்ட நிரல்களில் அந்த எச்சரிக்கையை எவரும் பார்ப்பதில்லை. கூகுளின் கருவி நட்சத்திரக் குறியை ஏற்கிறது, அமேசானின் ‘எல்எஸ்’ ஏற்பதில்லை. ஆனால் கூகுள் கருவிக்கு அனுப்பும் நட்சத்திரத்தை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் கட்டளையை முதலில் படிக்கும் சில ஷெல்கள், குறிப்பாக மேக் கணினிகளில் இயல்பாக வரும் இசட்-ஷெல், அதைத் தன் வட்டில் தேடிப் பார்த்துவிட்டுப் பொருத்தம் இல்லை என்று கட்டளையையே நிறுத்திவிடும். பெயர்கள் வரிசையாகவே வரும் என்ற உறுதியும் எங்கும் செல்லுவதன்று: 2023 நவம்பரில் அமேசான் அறிமுகப்படுத்திய டைரக்டரி பக்கெட் வகையில் விடை அகர வரிசையில் வருவதில்லை, வரிசையை நம்பி எழுதிய பழைய நிரல்களை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது.

பட்டியலுக்கு விலையும் உண்டு. அமேசானின் வட வர்ஜீனியா வட்டாரத்தில், எஸ்3இன் ஸ்டாண்டர்ட் வகையில், 1000 பட்டியல் கோரிக்கைகளுக்கு 0.005 டாலர். 10 கோடி கோப்புள்ள பக்கெட்டை முழுவதும் பட்டியலிட 1 லட்சம் கோரிக்கை, அதாவது அரை டாலர். இது பொருட்படுத்தத்தக்க தொகையன்று. ஆனால் 10 லட்சம் கோப்புள்ள ஒரு பக்கெட்டில் புதிய கோப்பு வந்ததா என்று அறிய, நிமிடத்துக்கொருமுறை முழுப் பட்டியலையும் எடுக்கும் ஒரு சிறு நிரலைக் கணக்கிட்டால், ஒருமுறைக்கு 1000 கோரிக்கை, நாளொன்றுக்கு 1440 முறை, நாளுக்கு 7.20 டாலர், மாதத்துக்கு 216 டாலர் ஆகிறது. ஒருமுறை பார்த்தால் காசு தெரியாத வேலை மாதக்கணக்கில் ஓர் ஊழியரின் கைபேசிச் செலவை விஞ்சி நிற்கிறது. பெயர் காலத்தில் தொடங்குமாறு வைக்கப்பட்டிருந்தால், கடைசியாகக் கண்ட பெயருக்குப் பின்வருபவை எவை என்று ஒரே கோரிக்கையில் கேட்டு முடித்துவிடலாம். நோவாவின் பெயர்களில் மணிவரை காலம் முன்னால் வந்து, அதன்பின் அலைவரிசை குறுக்கிடுவதால், ஒரு மணிநேரத்துக்குள் இந்த உத்தி அலைவரிசைக்கு அலைவரிசை தனித்தனியே செய்யப்பட வேண்டியிருக்கிறது. ஒரே அலைவரிசையைத் தொடர்ந்து பார்க்கும் வானிலை ஆய்வாளருக்கு அது வசதி, புதிதாக வந்த அனைத்தையும் அள்ள விரும்புவோருக்குச் சுமை. எவருக்காகப் பெயர் வைக்கிறோம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு நல்ல பெயர் எது என்று விவாதிப்பதில் பயனில்லை என்பதை இவ்வெடுத்துக்காட்டு காட்டுகிறது.

பணத்தைவிட நேரம் கடுமையானது. ஒவ்வொரு பக்கத்தின் டோக்கனும் முந்தைய பக்கம் வந்த பிறகே கிடைப்பதால் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போக முடியும். ஒரு கோரிக்கைக்குப் பத்தில் ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டாலும் 1 லட்சம் கோரிக்கைக்கு 10,000 வினாடி, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரம் ஆகும். பெயர்கள் எங்கெங்கே பிரிகின்றன என்று முன்னமே தெரிந்தவர் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே ஒரே நேரத்தில் கேட்டு இதைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிட முடியும். எந்த ஒழுங்குமின்றிப் பெயர்கள் சேர்ந்த பக்கெட்டை அவ்வாறு பிரிக்க, எங்கே வெட்டலாம் என்று முதலில் துழாவ வேண்டும். மிகப் பெரிய கிடங்குகளுக்கு, நாளுக்கோ வாரத்துக்கோ ஒருமுறை முழுப் பட்டியலையும் கோப்பாக எழுதி வைக்கும் எஸ்3 இன்வென்ட்டரி என்ற ஏற்பாடே பொருத்தம், அது சற்றுப் பழைய பட்டியல் என்பதை ஏற்றுக்கொள்ளும்வரை.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நாளும் நேரமும் காணப்படுகின்றன. அது கோப்பு எழுதப்பட்ட நேரமன்று, அந்தப் பக்கெட்டில் வந்து சேர்ந்த நேரம். பத்தாண்டுப் பழைய ஒளிப்படத்தை இன்று ஏற்றினால் இன்றைய தேதியே வரும். எஸ்3 அதை உலகப் பொதுநேரத்தில் தர, கருவியின் ‘எல்எஸ்’ அதைப் பணியாளரின் கணினி நேரத்துக்கு மாற்றிக் காட்டுவதால், சென்னையில் இருப்பவரும் பொதுநேரத்துக்கு அமைத்த வழங்கியில் ஓடும் நிரலும் ஒரே கோப்புக்கு ஐந்தரை மணிநேர வேறுபாட்டுடன் இரு நேரங்களைக் காண்பர். பல சேவைகளுக்கும் பொதுவான ஆர்குளோன் என்னும் கட்டற்ற கருவி, மூலக் கோப்பின் நேரத்தைத் தனிக்குறிப்பாகச் சேர்த்து ஏற்றுகிறது. ஆனால் எஸ்3 அக்குறிப்பைப் பட்டியலில் தருவதில்லை என்பதால், நேரத்துடன் பட்டியல் கேட்டால் கோப்புக்கு ஒரு கோரிக்கை என அது தனித்தனியே போய் விசாரிக்க நேர்கிறது. ஆர்குளோனின் ‘எல்எஸ்’ விரைந்து முடிவதும் ‘எல்எஸ்எல்’ ஊர்ந்து செல்வதும் இதனால்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தவர் அறிவார்: கேட்ட சர்வே எண்ணுக்கு, கேட்ட காலத்துக்குள், அட்டவணையில் ஏறியவை மட்டுமே சான்றில் வரும், பதியாமல் கைமாறியது சான்றில் இல்லை என்பதால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது. கிளவுட் பட்டியலையும் அந்த அளவிலேயே நம்ப வேண்டும். பதிப்புகளைக் காக்கும் ஏற்பாடு இயக்கப்பட்ட பக்கெட்டில் ஒரு கோப்பை நீக்கினால், அதன் மேல் அழிப்புக்குறி ஒன்று வைக்கப்படுகிறதே தவிர உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். சாதாரணப் பட்டியலில் அது வராது, மாத பில்லில் வரும். பெரிய கோப்புகள் பல துண்டுகளாக ஏற்றப்பட்டு இறுதியில் ஒட்டப்படுகின்றன. ஒட்டுவதற்கு முன் மின்சாரமோ இணைப்போ போய்விட்டால், ஏறிய துண்டுகள் கோப்பாகாமலும் கழியாமலும் தங்கிவிடுகின்றன, அவற்றுக்கும் பட்டியலில் இடமில்லை, பில்லில் இடமுண்டு. இக்கட்டுரையாளர் பராமரிப்பில் பங்கேற்ற ஒரு காணொளிக் கிடங்கில், பட்டியலின் கூட்டுத்தொகைக்கும் பில் காட்டிய அளவுக்கும் இடையே நெடுநாள் பொருந்தாத வேறுபாடு இருந்தது. நிதிப்பிரிவினர் சேவை நிறுவனத்தின் மீட்டரைச் சந்தேகித்தனர். பல்பகுதிப் பதிவேற்றங்களைத் தனியே பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தபோது திரை நிற்காமல் ஓடியது. ஒவ்வோர் இரவும் இணைப்பு அறுந்து, மறுநாள் புதிதாகத் தொடங்கிய காப்புநகல் பணியின் எச்சங்கள் அவை. குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் முடியாத பதிவேற்றங்களைக் கழித்துவிடுக என்ற ஒரு விதியைப் பக்கெட்டுக்கு எழுதுவதோடு இந்நோய் தீர்ந்துவிடும். இந்த விதி எல்லாப் பக்கெட்டுகளுக்கும் இயல்பாகவே இருந்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஒரு காலத்தில் பட்டியல் வேறொரு வகையிலும் நம்பத்தகாததாக இருந்தது. எஸ்3இல் கோப்பை எழுதி முடித்த உடனே பட்டியல் கேட்டால் அது இல்லாமல் இருக்கலாம், நீக்கிய கோப்பு சிறிது நேரம் தொடர்ந்து தெரியலாம். எழுத்தும் பட்டியலும் பிறகு எப்போதோ ஒத்துப்போகும் என்பதே அளிக்கப்பட்ட உறுதி. ஒரு நிரல் எழுதியதை அடுத்த நிரல் பட்டியலிட்டுப் படிக்கும் பெருந்தரவுப் பணிகளில் இது தரவிழப்பாக முடிந்ததால், அப்பணிகளுக்கான ஹடூப் மென்பொருள் திட்டத்தினர் எஸ்3கார்ட் என்ற பெயரில், டைனமோடிபி என்னும் தரவுத்தளத்தில் கோப்புப் பெயர்களின் இணைப்பட்டியல் ஒன்றைத் தாங்களே பேணினர். 2020 டிசம்பர் 1 அன்று, எழுதியவை உடனடியாகப் பட்டியலில் தெரியும் என்று அமேசான் அறிவித்த பின் அத்தகைய முட்டுக்கொடுப்புகளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஆயினும் பழைய ஷெல் நிரல்களைத் திறந்தால், எழுதும் வரிக்கும் பட்டியல் வரிக்கும் நடுவே முப்பது வினாடி தூங்கு என்ற ஒரு வரி இன்னும் கிடக்கும்; எதற்காக என்று எழுதியவர் குறிப்பு வைக்கவில்லை, நீக்கினால் என்ன ஆகுமோ என்று வந்தவர் எவரும் தொடவில்லை.

அனுமதியைப் பற்றி ஒரு சொல். பக்கெட்டைப் பட்டியலிடும் உரிமையும் கோப்பைப் படிக்கும் உரிமையும் எஸ்3இல் தனித்தனி. முன்னது பக்கெட்டின் பெயருக்கும் பின்னது அதனுள் இருக்கும் கோப்புகளுக்கும் எழுதப்பட வேண்டும், ஒன்றை மற்றதன் இடத்தில் எழுதிவிட்டு அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியோடு மல்லாடுவது இத்தொழிலில் புதியோர் அனைவரும் கடக்கும் படி. பட்டியல் உரிமை இல்லாதவர் இல்லாத கோப்பொன்றைக் கேட்டால், அது இல்லை என்ற 404 விடைகூட வராது, உரிமை இல்லை என்ற 403 விடையே வரும். இருப்பதையும் இல்லாததையும் சொல்வதே ஒரு தகவல் என்பதால் சேவை அதைக் காக்கிறது. முன்னொட்டில் எதுவும் பொருந்தாதபோது ‘எல்எஸ்’ வாய்திறக்காமல் 1 என்ற பிழைக்குறியுடன் முடிவதும், பிழை கண்டவுடன் நிற்குமாறு எழுதிய நிரல்கள் அதனால் நடுவழியில் நின்றுவிடுவதும் இத்துடன் சேர்த்து அறியத்தக்கவை.

தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பட்டியலிடும்போது இச்சிக்கல்கள் புதிய வடிவெடுக்கின்றன. யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கிறது, உயிர்மெய்யில் மெய்யின் குறியும் உயிரின் குறியும் தனித்தனியே எண்ணப்படும், புள்ளியும் தனிக்குறியே. ஆகவே 1024 பைட் என்ற எல்லைக்குள் அடங்குபவை அதிகம் போனால் 341 குறிகள். நூலின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பதிப்பகத்தையும் அடுக்கடுக்காகச் சாய்கோட்டுடன் எழுதும் தொகுப்பாளர் இந்த எல்லையை எதிர்பாராத நேரத்தில் முட்டுவார். வரிசையும் தமிழ் அகராதியின் வரிசையன்று. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டிருப்பதால் ‘கனவு’ என்பது ‘கபிலர்’ என்பதற்கு முன்னும், ‘கவிதை’ என்பது ‘கழகம்’ என்பதற்குப் பின்னும் வரும்; புள்ளியின் குறி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது ஆதலால், அகராதியில் முன்னிற்கும் ‘கல்வி’ பட்டியலில் ‘கலை’க்குப் பின்னே தள்ளப்படும். இதைப் பிழை என்று சேவையிடம் முறையிடுவதில் பொருளில்லை, அது எழுத்தை அறியாது, பைட்டை மட்டுமே அறியும்.

இவற்றினும் நுட்பமான சிக்கல் ஒன்று, மின்வருடிய நூல்களைப் பல கைகளிலிருந்து பெற்றுச் சேர்க்கும் தொகுப்புகளில் தென்படுகிறது. ‘தொல்காப்பியம்’ என்ற பெயரின் முதலெழுத்தைக் கணினியில் இருவகையாக எழுதலாம்: தகரத்தை அடுத்து ஒகரத்துக்குரிய ஒரே குறியை இடலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு குறிகளாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் வகையில் அச்சொல் 13 குறி, 39 பைட். இரண்டாம் வகையில் 14 குறி, 42 பைட். ஆப்பிள் கணினிகளில் முன்பு இருந்த எச்எஃப்எஸ்-பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வட்டில் எழுதியதால், அத்தகைய வட்டிலிருந்து ஏற்றிய நூல் ஒரு வகையிலும், விண்டோஸ் கணினியில் தட்டச்சிட்டு ஏற்றிய அதே நூல் மற்ற வகையிலும் பக்கெட்டுக்குள் புகுகின்றன. எஸ்3 இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. பட்டியலில் ஒரே பெயர் இருமுறை வருவதைக் காண்பவர், பெயரின் இறுதியில் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார், கருவி பழுதா என்று ஐயுறுவார். ‘தொ’ என்று விசைப்பலகையில் தட்டிய முன்னொட்டுக்கு ஒன்று மட்டுமே அகப்படும். மற்றது ‘தெ’ என்ற முன்னொட்டில், தெனாலிராமன் கதைகளோடு சேர்ந்து வந்து நிற்கும், ஏனெனில் பிரித்தெழுதிய தொகரத்தின் முதல் ஆறு பைட்டுகளும் தெகரத்தின் ஆறு பைட்டுகளும் ஒன்றே. பட்டியலின் விடையை, பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ‘ஓடி’ போன்ற கருவிக்குள் செலுத்திப் பார்த்தால் மட்டுமே இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்.

ஏற்றுவதற்கு முன்பே பெயர்களை யூனிகோடின் சேர்த்தெழுதும் வடிவுக்கு, அதாவது என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கத்துக்கு, மாற்றிவிடுவது ஒரு வழி; பைத்தான் மொழியில் அது ஒரே வரி வேலை. ஆனால் ஏற்கெனவே ஏறிவிட்டவற்றுக்கு எஸ்3இன் வழக்கமான பக்கெட்டில் பெயர்மாற்றம் என்ற செயல் எளிதாக இல்லை, புதுப்பெயரில் படியெடுத்துப் பழையதை நீக்குவதே முறை, அதற்குப் படியெடுக்கும் கட்டணம் உண்டு, பதிப்புக் காப்பு இருந்தால் பழையதும் மறைவில் தங்கும். தமிழ்த் தலைப்பைக் கோப்பின் தனிக்குறிப்பில் வைத்துவிடலாமே என்று சிலர் கருதுவதுண்டு. தனிக்குறிப்பில் தமிழெழுத்து நேராக ஏறாது, குறியாக்கியே வைக்க வேண்டும், வைத்தாலும் பட்டியல் அதைத் தருவதில்லை. ஆதலால் இக்கட்டுரையாளர் பங்கேற்ற தொகுப்புகளில், கோப்புக்குச் சுழி நிரப்பிய ஆறிலக்க எண்ணைப் பெயராக்கி, எண்ணுக்கும் தமிழ்த் தலைப்புக்கும் உரிய அட்டவணையை ஒரு தனிக் கோப்பாக அதே பக்கெட்டில் வைக்கும் முறை கொள்ளப்பட்டது. அந்த அட்டவணைக் கோப்புக்கு ‘000000’ என்ற எண் ஒதுக்கப்பட்டது; பைட் வரிசைப்படி அதுவே பட்டியலின் முதல் வரி.